பாட்டுப் பலகையும் நம்பர் கடையும்

மதிப்பிற்குரிய ஐயா,

தவக்காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தபின் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். எனக்கு வயது 46. கோலாலம்பூரின் செந்தூலில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறேன். ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. எங்கள் தமிழ்ச் சபையில் ஒன்பது ஆண்டுகளாகக் காணிக்கை எடுக்கும் ஊழியம் செய்து வருகிறேன். ஆனால் புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நம்பர் எடுக்கிறேன், நான்கு இலக்க லாட்டரிதான். ஒரு தடவைக்கு 20 வெள்ளி (ரிங்கிட்). மனைவிக்குத் தெரியாது. மூத்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள், எனக்கு முதுகுவலி தொடங்கிவிட்டது. நம்பர் அடித்தால் பத்தில் ஒரு பங்கை ஆலயக் கூரை நிதிக்குக் கொடுப்பதாக ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் விட்டுவிடுவதாகப் பொருத்தனை செய்கிறேன், ஜனவரி முடிவதற்குள் மீறிவிடுகிறேன். போன மாதம் ஆராதனை நேரத்தில் பாட்டுப் பலகையில் இருந்த, பாடவேண்டிய பாமாலைப் பாட்டுகளின் எண்களை என் மனம் தானாகவே சேர்த்துக் கோர்த்துப் பார்த்தது. அன்று எனக்குப் பயம் வந்தது. ரயில் நிலையத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவிலே நம்பர் கடையை வைத்துத் தேவன் என்னைச் சோதிக்கிறாரா? எண்ணம் வந்தாலே பாவம்தானா? என் விசுவாசம் பொய்யா?

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, உங்கள் சம்மதத்தோடு கடிதத்தை வெளியிடுகிறேன். பாட்டுப் பலகையைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை நான் பலமுறை வாசித்தேன். அன்று வந்த பயத்தை நீங்கள் விசுவாசம் பொய்யானதற்கு அடையாளமாகக் கொள்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. உணர்விழந்த தோலில் சுட்டாலும் தெரியாது, உங்களுக்குச் சுட்டிருக்கிறது.

எண்ணம் வந்தாலே பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். எபிரெயர் 4:15, நம்முடைய பிரதான ஆசாரியர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராயிருந்தார் என்று சொல்கிறது. சோதிக்கப்படுவதே பாவமென்றால் அந்த வசனத்துக்குப் பொருளே இராது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி, மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்து எழுதியவர். அவை நம்மிடம் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, வந்தவை தங்குவதும் தங்காததும் நம்மைப் பொறுத்தது என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த எட்டில் பொருளாசையைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நீங்கள் அறிய வேண்டும். அந்த ஆசை தங்கத்தையும் மாளிகையையும் காட்டிக்கொண்டு வருவதாக அவர் எழுதவில்லை; நீண்ட முதுமையையும், உழைக்க முடியாமற்போகும் கைகளையும், வரப்போகிற பஞ்சத்தையும் நோயையும், பிறரிடம் வாங்கிப் பிழைக்க வேண்டிய அவமானத்தையும் காட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் முதுகுவலியையும் நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருந்ததைப் படித்தபோது, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தப் பட்டியல்தான் என் நினைவுக்கு வந்தது. நீங்கள் பேராசைக்காரர் அல்ல, பயந்திருக்கும் ஒரு தகப்பன். உங்களிடம் வந்த சோதனை உங்கள் பேராசையைத் தேடி வரவில்லை, உங்கள் பொறுப்புணர்ச்சியின் வழியாக உள்ளே நுழைந்தது.

தேவன்தான் கடையை வழியில் வைத்துச் சோதிக்கிறாரா என்ற கேள்விக்கு நம் மொழியே பாதிக் காரணம். வேதாகமத் தமிழில் பரீட்சைக்கும் 'சோதனை'தான், பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலுக்கும் 'சோதனை'தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்லே வருகிறது. அதனால்தான் யாக்கோபு, முதல் அதிகாரத்தின் தொடக்கத்தில் பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது சந்தோஷப்படச் சொல்லிவிட்டு, பதின்மூன்றாம் வசனத்தில், தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று ஒருவனும் சொல்லக்கூடாது என்று தடுக்கிறார். அடுத்த வசனத்தில் அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டுச் சிக்குண்டு சோதிக்கப்படுகிறான் என்கிறார். கடையை அங்கே வைத்தது உரிமம் பெற்ற ஒரு வியாபாரி. தேவனுடைய பங்கு எது என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் கூரை நிதி. இதில் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு தருவதாகச் சொன்ன ஜெபம் காணிக்கை அல்ல. தேவனைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள முயன்ற பேரம் அது. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்திய சோதனைக்காரன், கீழே குதிக்கச் சொன்னபோது 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டினான். நம்மிடமும் அவன் வசனத்தோடும் கூரை நிதியோடும் வருவான். கணக்காகவும் பாருங்கள். ஒரு நான்கு இலக்க எண்ணின்மேல் 'பெரிது' (Big) என்ற வகையில் ஒரு வெள்ளி வைத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, பத்துச் சிறப்புப் பரிசுகள் ஒவ்வொன்றும் 180, பத்து ஆறுதல் பரிசுகள் ஒவ்வொன்றும் 60. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களையும் நீங்கள் ஒருவரே ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்கினாலும் 10,000 வெள்ளி கொடுத்து 6,400 வெள்ளியே திரும்பப் பெறுவீர்கள். வாரத்துக்கு 60 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 3,120 வெள்ளி. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல, கிடங்குக் கணக்கைப் பார்க்கிறவர் நீங்கள். ஆனால் மாலை ஏழு மணிக் குலுக்கலுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது கணக்கு யாருக்கும் உதவுவதில்லை என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் இருபத்தெட்டாவது வயதில், ஒரு சிறிய சபையில் ஞாயிறு பள்ளிப் பணப்பெட்டி என் பொறுப்பில் இருந்தது. ஒரு மாதக் கடைசியில் மோட்டார் சைக்கிள் பழுதாகி, வேலைக்குப் போக வேறு வழியில்லாமல், பெட்டியிலிருந்து 150 வெள்ளியை எடுத்தேன். சம்பளம் வந்ததும் திருப்பி வைத்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை, ஒரு காசும் குறையவில்லை. அடுத்த முறை எடுத்தபோது என் கை நடுங்கவில்லை. திருட்டைவிட அந்த நடுக்கமின்மைதான் இன்றும் என்னை வருத்துகிறது. மூன்றாம் முறை எடுத்ததைத் திருப்பி வைக்க முடியவில்லை. இரண்டு வாரம் ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன். இறுதியில் சபையின் மூப்பர் ஒருவரின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முதலில் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பொறுப்பிலிருந்து என்னை நீக்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன். மறு ஞாயிறு பெட்டியில் இரண்டு பூட்டுகள் தொங்கின; ஒரு சாவியை என்னிடம் கொடுத்து, மற்றதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எடுத்த பணத்தை நான்கு மாதத்தில் கட்டி முடித்தேன். அதன்பின் அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒருமுறைகூடத் தூண்டுதல் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஆனால் இரண்டாவது சாவி என்னிடம் இல்லை.

தேவனுடைய பங்கு என்று நான் சொன்னது இதைத்தான். 1 கொரிந்தியர் 10:13 நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற வசனம். ஆனாலும் 'திராணிக்கு மேலாக' நாம் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார் என்கிற அதன் முற்பகுதியோடு நின்றுவிடுகிறோம். அப்படி நின்றவர், விழுந்த ஒவ்வொரு முறையும் தனக்குத் திராணி போதவில்லை என்று நொந்துபோகிறார். வசனமோ, சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று முடிகிறது. போக்கு என்றால் நடந்து வெளியேறுகிற வழி. யோசேப்பின் கதையில் ஆதியாகமம் 39:10ஐ நிதானமாக வாசியுங்கள். போத்திபாரின் மனைவி நாள்தோறும் வற்புறுத்தியும் அவன் சம்மதிக்கவில்லை என்பதோடு, அவளோடு இருக்கவும் அவன் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிய அந்த ஒரு நாளைத்தான் நாம் பிரசங்கங்களில் கேட்கிறோம். அதற்கு முன் அவள் இருக்கும் இடத்தைத் தவிர்த்து நடந்த நாட்களே அந்த ஒரு நாளில் அவன் கால்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். தப்பியதற்குக் கூலியாக அவனுக்குச் சிறைதான் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நம்பர் எடுப்பதை நிறுத்தினால் மகளின் கட்டணம் தானாக வந்துவிடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே உங்கள் போர்க்களம் கடையின் முகப்பு அல்ல. அங்கே போய் நின்றபின் பலம் தேடுவது மிகவும் தாமதம். நிலையத்தின் மறுபக்க வாசலால் இறங்கி வீட்டுக்குப் போக வழியிருக்கிறதா, அல்லது அதற்கு முந்தைய நிலையத்திலேயே இறங்கிப் பேருந்து பிடிக்க முடியுமா என்று பாருங்கள். அதனால் கூடும் பத்து நிமிடம்தான் உங்களுக்காக உண்டாக்கப்பட்ட போக்காக இருக்கலாம். அந்த மூன்று நாட்களில் கையில் ரொக்கம் இல்லாமல் வெளியே போங்கள். டிசம்பர் இரவில் செய்யும் பொருத்தனையை இனிச் செய்ய வேண்டாம். ஒருபோதும் மறுதலிக்கமாட்டேன் என்று சொன்ன பேதுருவும் அதே இரவில் விழுந்தார். அதற்குச் சற்று முன்பு கெத்செமனேயில் அவருக்குக் கிடைத்த அறிவுரை, சோதனைக்குட்படாதபடி விழித்திருந்து ஜெபம்பண்ணச் சொன்னது மட்டுமே. ஆண்டு முழுவதற்கும் வாக்குக் கொடுக்காமல், வருகிற புதன்கிழமைக்கு மட்டும் ஜெபியுங்கள்.

இரண்டாவது சாவியை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது என்று அறிவேன். வீட்டில் சொல்வதற்கு முன் போதகரிடம் சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டாலும் தவறில்லை. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொன்ன யாக்கோபு 5:16, சொஸ்தமடையும்படிக்கு என்றே தொடங்குகிறது. ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்திருந்தாலோ, ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) கடன் வாங்கியிருந்தாலோ அதையும் அன்றே சொல்லிவிடுங்கள், பாதி அறிக்கை பாதிப் பூட்டு மாதிரிதான். வங்கிக் கடன்கள் குவிந்திருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே (AKPK) என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. வழிகளையெல்லாம் மாற்றிய பிறகும் கால்கள் அங்கேயே போகுமானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சூதாட்டப் பழக்கம் மருத்துவம் அறிந்த நோயாகவும் இருக்கக்கூடும், மருத்துவரிடம் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

காணிக்கை ஊழியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதைத் தொடரலாமா என்பதைப் போதகர் தீர்மானிக்கட்டும். நீங்களாகவே உங்களுக்குத் தண்டனை விதித்துக்கொண்டு விலகிவிட வேண்டாம். வரும் ஞாயிறு பாட்டுப் பலகையில் அந்த எண்கள் மறுபடியும் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பாமாலையைத் திறந்து, அந்த எண்ணில் என்ன பாட்டு இருக்கிறதோ அதன் முதல் அடியை வாய்க்குள் வாசியுங்கள். அடுத்த எண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள். புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு நான் உங்களுக்காக ஜெபத்தில் இருப்பேன். வீட்டில் பேசியபின் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்