பதினைந்து நாளில் ஏழு ஊரா? வாசகர் கேள்வி பதில்

ஐரோப்பாவில் படிக்கும் வாசகர்கள் சிலரிடமிருந்து ஒரே மாதிரிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கணவரோ மனைவியோ காதலியோ பார்க்க வருகிறார்கள், எங்கே கூட்டிப்போவது, எப்படிப் போவது என்று. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். மே மாதம் கணவர் பதினைந்து நாள் லீவில் வருகிறார். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, சூரிச், வெனிஸ், ரோம் என்று ஏழு ஊர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கோ வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. எதை வெட்டுவது?
வாசகி, கொலோன்

முதல் இரண்டை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் வெட்டுங்கள். கோபித்துக்கொண்டால் என் தலையில் போட்டுவிடுங்கள்.

பதினைந்து நாளில் ஏழு ஊர் என்றால் அவர் பார்க்கப்போவது ஏழு ரயில் நிலையம், ஏழு விடுதி வரவேற்பறை, அப்புறம் அறை தயாராகும்வரை பெட்டியை எங்கே வைப்பது என்ற கவலை. அதிலும் உங்களுக்கு வகுப்பு இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடம் இதற்கென்றே அமைந்த மாதிரி. கொலோனிலிருந்து நேரடி ரயிலில் பிரஸ்ஸல்ஸ் இரண்டு மணி நேரத்துக்குள், ஆம்ஸ்டர்டாம் மூன்று மணி நேரத்துக்குள், பாரிஸ் மூன்றரை மணி நேரத்துக்குள். ஒரு வார இறுதி பாரிஸ், இன்னொன்று ஆம்ஸ்டர்டாம். வகுப்பில்லாத நாளை முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டால் ஒவ்வொன்றிலும் மூன்று இரவு தங்கலாம். பாரிஸுக்கு மூன்று இரவே குறைவுதான்.

டிக்கெட்டை இப்போதே எடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாயன்றும் ஆறு வாரம் தள்ளி வரும் நாட்களுக்கு விடுவார்கள், சீக்கிரமே தீர்ந்துவிடும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. இது தெரியாமல் வாசல்வரை போய்த் திரும்பும் ஜோடிகளை எந்த வாரமும் பார்க்கலாம்.

விமானம் மலிவாக இருக்கிறதே என்று கணவர் சொல்வார். எந்த விமான நிலையம் என்று கேளுங்கள். பாரிஸ் என்று பெயர் போட்டு விற்கும் சில மலிவு விமானங்கள் இறங்கும் போவே, நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். ஃபிராங்க்ஃபுர்ட் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஹான் 100 கிலோமீட்டரையும் தாண்டும். பஸ் காசையும் போகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ரயிலே தேவலை.

மிச்ச நாட்களை உங்கள் ஊருக்கே கொடுங்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. அவர் ஐரோப்பாவைப் பார்க்க மட்டும் வரவில்லை, தினமும் போனில் கேட்ட உங்கள் வாழ்க்கையைப் பார்க்கவும்தான் வருகிறார். எந்த டிராமில் ஏறுகிறீர்கள், மதியம் எந்தக் கேன்டீனில் தட்டை நீட்டுகிறீர்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டும். வாங்கும்போது முன்பணம் கட்டிய காலி பிளாஸ்டிக் பாட்டில்களைப் பையில் கட்டிக்கொண்டு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய், ஒவ்வொன்றாக இயந்திரத்தின் வாயில் போட்டு, பாட்டிலுக்கு 25 சென்ட் என்று கணக்காகி வெளியே வரும் சீட்டை அவரையே கிழித்து எடுக்கச் சொல்லுங்கள். நிறைய பேருக்கு அரண்மனையைவிட இது பிடித்துப்போகிறது.

அப்புறம், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முகத்துக்கு எதிரே நிற்கிறதே அந்தப் பேராலயம், அதை நீங்கள் இன்னும் ஏறிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். உள்ளூர்க்காரர்கள் ஏறுவதில்லை. 1248இல் தொடங்கிய வேலை நடுவில் முந்நூறு வருடம் போல அப்படியே நின்று, 1880இல்தான் முடிந்தது. உயரம் 157 மீட்டர். தெற்குக் கோபுரத்தில் 533 படி, லிஃப்ட் கிடையாது. அவர் வந்து இறங்கிய மறுநாளே ஏற்றிவிடாதீர்கள். இன்னொரு நாள் ரைன் நதியோரமாகப் போகும் ரயிலில் உட்காருங்கள். கோப்லென்ஸ் தாண்டி பிங்கன் வரை ஜன்னலுக்கு வெளியே கோட்டையும் திராட்சைச் சரிவுமாக வந்துகொண்டே இருக்கும். தெற்கே போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால்தான் ஆறு தெரியும்.

என்னிடம் ஜெர்மனி டிக்கெட், அதாவது நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகும் மாதச் சந்தா, இருக்கிறது. மனைவி 20ஆம் தேதி வந்து அடுத்த மாதம் 6ஆம் தேதி போகிறாள். அவளுக்கும் அதையே எடுக்கலாமா? பல ஐரோப்பிய நாட்டு ரயில்களில் போகலாம் என்கிறார்களே, அந்த இன்டர்ரெயில் பாஸ் நல்லதா?
வாசகர், லைப்சிக்

எடுக்கலாம், அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் அது காலண்டர் மாதக் கணக்கு. 20ஆம் தேதி வாங்கினாலும் மாதம் முடிந்ததும் தீர்ந்துவிடும், 1ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதத்துக்கும் காசு. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ, அப்படியென்றால் உங்கள் மனைவிக்கு 126. கூடவே அது சந்தா. ஒரு மாதத்தின் கடைசியில் நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்திருக்க வேண்டும். அவள் ஊருக்குப் போன பிறகும் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தால் அப்புறம் யாரைக் கேட்பது?

நான்கைந்து நாள் மட்டுமே சுற்றப் போகிறீர்கள் என்றால் மாநிலத்துக்கு மாநிலம் இருக்கும் ஒருநாள் டிக்கெட் போதும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகு ஏற வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டு டிக்கெட்டில் எதுவாக இருந்தாலும் ஐசிஇ, ஐசி, இசி என்று பலகையில் போட்டிருக்கும் வேக ரயில்களில் இவை செல்லாது.

இன்டர்ரெயிலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. ஜெர்மன் ரெசிடன்ஸ் பர்மிட் இருப்பதால் நீங்கள் அதைத்தான் வாங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் உங்கள் மனைவி வாங்க வேண்டியது யூரெயில். ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வெவ்வேறு பெயரில் இரண்டு பாஸ். அவசரத்தில் இருவருக்கும் ஒன்றையே வாங்கிவிடாதீர்கள். பிரான்ஸின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டே ஊர் என்றால் பாஸே வேண்டாம், முன்கூட்டி எடுக்கும் தனி டிக்கெட்தான் லாபம்.

நாங்கள் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காதலிக்கு விசா கிடைக்குமா? நான் மாணவன், என்னிடம் சம்பளம் இல்லை.
வாசகர், ஆகன்

கல்யாணச் சான்றிதழ் விசாவுக்கு நிபந்தனை இல்லை. விண்ணப்பத்தில் உறவை உள்ளபடி எழுதுங்கள், உறவினர் என்று கதை கட்ட வேண்டாம், நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும். அதிகாரி பார்ப்பது அவர் திரும்பிப் போவாரா என்பதைத்தான். அதற்கு வேலை, லீவ் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு. செலவை நீங்கள் ஏற்பதாக அதிகாரபூர்வ உறுதிமொழி கொடுக்கலாம்தான், ஆனால் அதற்கு வருமானம் காட்ட வேண்டும், மாணவருக்குச் சுலபமில்லை. அவர் தன் பணத்தையே காட்டட்டும். நீங்கள் அழைப்புக் கடிதம், கல்லூரிச் சான்றிதழ், ரெசிடன்ஸ் பர்மிட் நகல் கொடுத்தால் போதும். உங்கள் அறையில்தான் தங்குவார் என்றால் மாணவர் விடுதி விதியை முதலில் படியுங்கள், விருந்தினர் எத்தனை இரவு தங்கலாம் என்பதற்குப் பல இடங்களில் வரம்பு உண்டு.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சந்திப்பு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்று வேறு நாட்டுத் தூதரகத்தில் போட்டு வாங்க நினைக்காதீர்கள். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்காவது மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கென்றால் அந்த ஆறு மாதத்தை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

எனக்கு 24 வயது. லூவ்ரில் எனக்கு இலவசம், கணவருக்கு 32 யூரோ என்கிறார்கள். அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது என்ன நியாயம்?
வாசகி, லியோன்

26 வயதுக்குள் இருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) வசிப்பவராக இருந்தால் இலவசம். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கில் இல்லை, அதனால் வாசலில் ரெசிடன்ஸ் கார்டைக் கையில் வைத்திருங்கள். வெளியிலிருந்து வருபவருக்கு 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ. நியாயமா என்று கேட்டால், எனக்கும் பிடிக்கவில்லை. பேசாமல் இருவர் செலவையும் ஒரே பொதுப் பணத்திலிருந்து கொடுங்கள், யாருக்கு எவ்வளவு என்ற பேச்சே வராது.

வந்த நாளிலிருந்து நான்தான் மேப் பார்க்கிறேன், டிக்கெட் எடுக்கிறேன், பில் படிக்கிறேன். அவர் போட்டோ எடுக்கிறார். சண்டை வந்துவிட்டது.
வாசகி, உட்ரெக்ட்

வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நீங்கள் அங்கே வாழ்கிறீர்கள், அவர் விருந்தாளி, வேலை முழுக்க உங்கள் தலையில் விழுந்துவிட்டது. அடுத்த ஊரை முழுதாக அவரிடம் விட்டுவிடுங்கள். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள், தப்பான டிராமில் ஏறினால் நீங்களும் ஏறுங்கள். வகுப்புள்ள நாட்களில் ஒன்றிரண்டு ஊரைத் தனியாகவே பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், குழந்தை இல்லையே! அவர் போனில் ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் இருந்தால் மற்ற ஒன்றிய நாடுகளிலும் கூடுதல் கட்டணமில்லாமல் பேசலாம். சுவிட்சர்லாந்தில் அந்த விதி இல்லை, எல்லை தாண்டும் முன் டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள்.

நடுவில் இரண்டு நாள் லண்டன் போய் வரலாமா?
வாசகர், பாரிஸ்

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் பகுதியில் லண்டன் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இருவருக்குமே தனி பிரிட்டிஷ் விசா வேண்டும், உங்கள் பிரெஞ்சு ரெசிடன்ஸ் கார்டு அங்கே உதவாது. அதோடு உங்கள் துணையின் ஷெங்கன் விசா ஒற்றை நுழைவு என்றால் லண்டனிலிருந்து பாரிஸுக்குத் திரும்பவும் முடியாது. விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை இருக்கும் கட்டத்தில் 01 என்று இருக்கிறதா, மல்ட் (பலமுறை நுழையலாம்) என்று இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 01 என்றால் லண்டனை மறந்துவிட்டு ஸ்ட்ராஸ்பூர்க் போங்கள். ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊருக்கு டிராமிலேயே போய் வரலாம்.