நாற்பது பேர் வகுப்பில் தேடிக் கற்கும் முறை சாத்தியமா?

மாணவர்களே செய்து பார்த்து விடையைக் கண்டுபிடிக்கும் இந்த முறை சாத்தியம்தான், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். தனி ஊசல் (நூலில் எடை கட்டி ஆடவிடுவது) மாதிரி கையால் செய்து பார்க்கக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள். சூத்திரத்தைப் பலகையில் எழுதும் முன், எடையைக் கூட்டினால் ஊசல் வேகமாக ஆடுமா என்று கேட்டு, ஆளாளுக்கு ஊகத்தை நோட்டில் எழுத வைத்துவிடுங்கள் (இல்லாவிட்டால் அப்புறம் எல்லோரும் 'நான் அப்பவே சொன்னேன் சார்' என்பார்கள்).

நூல், இரும்பு நட்டு, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போதும். ஓர் அலைவை (ஒருமுறை போய்த் திரும்பி வருவதை) மட்டும் அளந்தால் பிழை அதிகம் வரும், 10 அலைவுகளை அளந்து வகுக்கட்டும். நட்டு ஒன்றோ மூன்றோ, நேரம் மாறாது. ஆனால் 1 மீட்டர் நூலுக்குச் சுமார் 2 விநாடி, 25 செ.மீ.க்குச் சுமார் 1 விநாடி. நீளம் கால்வாசியானால் நேரம் ஏன் பாதியாகிறது என்று யாராவது கேட்பார்கள், சூத்திரத்தை அப்போது கொடுங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: மூன்று நட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் நீளமும் மாறிவிடும், ஒரே முடிச்சில் கட்டச் சொல்லுங்கள்.