கலாபகோஸ் போகப் படகுச் சுற்றுலா கட்டாயமா?

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், வயது 29. நண்பர் ஒருவரோடு வரும் அக்டோபரில் மூன்றரை வாரம் முதுகுப்பையோடு ஈக்வடாரைச் சுற்ற ஆசை. ஆண்டிஸ் மலை, அமேசான் காடு, கலாபகோஸ் தீவுகள் மூன்றையும் பார்க்க வேண்டும். "பல நாள் படகிலேயே தங்கிப் போகும் படகுச் சுற்றுலாவில் இடம் பிடிக்காமல் கலாபகோஸுக்குள் விடவே மாட்டார்கள்" என்கிறார் ஒரு முகவர். மூன்றுக்கும் சேர்த்து ஆளுக்கு 4,200 டாலர் கேட்கிறார். விமான டிக்கெட் தனி. பாதிப் பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். கட்டலாமா? எந்த வரிசையில் போவது நல்லது?

பதில்: கட்டாதீர்கள். அவர் சொல்வது உண்மை இல்லை.

கலாபகோஸில் மக்கள் வாழும் தீவுகள் உண்டு. சாந்தா க்ரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா மூன்றிலும் ஊர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, மளிகைக்கடை இருக்கிறது. 30, 40 டாலரில் சுத்தமான அறையும் கிடைக்கும். விமானத்தில் போய் இறங்கி, ஊருக்குள் தங்கி, ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு விசைப்படகில் டிக்கெட் எடுத்துப் போகலாம். முதுகுப்பையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சுற்றுகிறார்கள்.

அரசு கேட்பது இவ்வளவுதான்: பாஸ்போர்ட், தீவிலிருந்து திரும்பும் டிக்கெட், தங்கப்போகும் அறையின் முன்பதிவு, 20 டாலர் பயண அட்டை, 200 டாலர் பூங்காக் கட்டணம். பயண அட்டையை தலைநகர் கீட்டோ அல்லது கடலோர நகரமான குவாயாகில் விமான நிலையத்தில் வாங்க வேண்டும். இணையத்தில் முன்பே பதிவு செய்துவிட்டுப் போனால் வரிசை குறையும். அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள், திரும்பும்போது கேட்பார்கள். சுற்றுலாப் பயணியாக ஆண்டுக்கு 60 நாள் வரை தீவுகளில் இருக்கலாம். படகுச் சுற்றுலா ரசீதை யாரும் கேட்பதில்லை.

பூங்காக் கட்டணம் பல வருடங்களாக 100 டாலராக இருந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு 200 ஆகிவிட்டது. தீவில் இறங்கியதும் கட்ட வேண்டும், ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்களை வரவழைக்கும் ஓர் இடம், முன்கூட்டியே ஒரே இடத்தில் எல்லாக் கட்டணத்தையும் கட்டி முடிக்கும்படி செய்தால் என்ன குறைந்துவிடும்? அட்டைக்கு ஒரு மேசை, பை ஆய்வுக்கு ஒரு மேசை, பூங்காவுக்கு ஒரு மேசை, இசபெலா படகுத்துறையில் இன்னும் 10 டாலருக்கு ஒரு மேசை. இந்தக் குழப்பம்தான் முகவர்களுக்குச் சோறு போடுகிறது. விதி புரியாதவர் பயந்து போய் மொத்தமாகப் பணம் கட்டிவிடுகிறார்.

முகவரின் பேச்சில் பாதி உண்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்கா. அதற்குள் பெரும்பாலான இடங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்கக் கூடாது. சரி, அதற்குப் பகல் பயணப் படகுகள் இருக்கின்றன. காலையில் ஏறி மாலையில் ஊர் திரும்பலாம், வழிகாட்டி படகிலேயே இருப்பார். தொலைவைப் பொறுத்து சுமார் 150 டாலரிலிருந்து ஆகும். இப்படி இரண்டு மூன்று பயணம் போதும். மற்ற நாட்களில் காசு இல்லாமலே பார்க்க நிறைய இருக்கிறது. சாந்தா க்ரூஸ் தீவின் ஊரான புவெர்ட்டோ அயோராவிலிருந்து டோர்ட்டுகா கடற்கரைக்கு இரண்டரை கிலோமீட்டர் நடை. மணலில் கருப்புக் கடல் இகுவானாக்கள், அதாவது பெரிய பல்லிகள், ஒன்றன்மேல் ஒன்றாக வெயில் காயும். அதே ஊரின் மீன் சந்தையில், மீன் அரியும் பெண்ணின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்சிங்கம் வீட்டு நாய் மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். பின்னால் கூழைக்கடாக்கள் வரிசையாக நிற்கும். கத்தி நகர நகர எல்லாத் தலையும் சேர்ந்து திரும்பும். இதற்கு டிக்கெட் கிடையாது.

படகுச் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்பவர்கள் நாளை எண்ணும் முறையைப் புரிந்துகொள்ளுங்கள். "5 நாள், 4 இரவு" என்றால் முதல் நாள் விமானம் வந்து சேரவே மதியம் ஆகும், சாயங்காலம் ஓர் இடம் பார்ப்பீர்கள். கடைசி நாள் காலைச் சாப்பாட்டோடு இறக்கிவிட்டு விமான நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். முழுசாகக் கையில் இருப்பது மூன்று நாள். அதிலும் நடுவில் ஒரு நாள் பாதிப் பயணிகள் இறங்கி வேறு பாதிப் பேர் ஏறும் நாளாக இருந்தால் இரண்டரைதான். பணம் கட்டும் முன் "எந்தத் தேதி, எந்த நேரம், எந்த இடம்" என்று படகின் பெயரோடு எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இரவு தங்கும் படகுதான் சரியான வழி: பறக்காத நீர்க்காகம். நம் ஊர் ஏரிகளில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தின் உறவுதான். இங்கே இறக்கை சுருங்கிப் போய்ப் பறக்கவே முடியாத பறவையாகிவிட்டது. உலகத்திலேயே பெர்னாண்டினா தீவிலும் இசபெலாவின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் மட்டும்தான் வாழ்கிறது. அந்தக் கரைகளில் ஊரே இல்லை. இசபெலாவில் மக்கள் இருக்கும் ஊர் புவெர்ட்டோ வில்லமில், அது தீவின் தெற்கு முனையில் இருக்கிறது. நடுவே எரிமலைகள், பாதை கிடையாது. கடல்வழியே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் பறவைக்காகவே போகிறீர்கள் என்றால் "மேற்குத் தடம்" போகும் படகா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாப் படகும் அங்கே போவதில்லை. ஒவ்வொரு படகுக்கும் பூங்கா நிர்வாகம் தடத்தை நிர்ணயித்திருக்கிறது, கேப்டன் நினைத்தாலும் மாற்ற முடியாது. கிழக்குத் தடத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு நீர்க்காகத்தின் படத்தைக் காட்டி விற்பவர்கள் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். மற்றபடி நீலக்கால் பூபி, செங்கால் பூபி, அல்பட்ராஸ் போன்ற கடற்பறவைகள், பென்குயின், ராட்சத ஆமை எல்லாமே பகல் பயணத்திலேயே கிடைக்கும்.

அக்டோபரில் கடல் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். தீவுகளுக்கு நடுவே ஓடும் விசைப்படகில் இரண்டு, இரண்டரை மணி நேரம் தூக்கித் தூக்கிப் போடும். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பே போட்டுவிடுங்கள், பின்பக்க இருக்கையைப் பிடியுங்கள்.

அடுத்தது வரிசை. முதலில் மலை, பிறகு காடு, கடைசியில் தீவு.

கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியை விட 600 மீட்டருக்கும் மேல் அதிகம். இறங்கிய முதல் இரண்டு நாள் ஊருக்குள் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம். இரண்டாம் நாளே கோட்டோபாக்ஸி எரிமலை என்று போட்டிருக்கும் எந்தத் திட்டத்தையும் கிழித்துப் போடுங்கள். மூன்றாம் நாள் கேபிள் காரில் பிச்சிஞ்சா மலைச் சரிவுக்குப் போய்வாருங்கள், அது 3,900 மீட்டரைத் தாண்டும். அங்கே தலைவலி வந்தால் இறங்கிவிடுங்கள். இறங்குவதுதான் மருந்து.

அப்புறம் கிலோட்டோவா. எரிமலை வாய்க்குள் பச்சை நிறத்தில் ஓர் ஏரி. சிக்சோஸில் தொடங்கி இசின்லிவி, சுக்சிலான் வழியாக ஏரி விளிம்புக்கு மூன்று நாள் நடை. ஒவ்வொரு கிராமத்திலும் இரவுச் சாப்பாட்டோடு தங்குமிடம் உண்டு. வழிகாட்டி தேவையில்லை, அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 5,897 மீட்டர் கோட்டோபாக்ஸி உச்சி வேறு கதை. பனிமலை ஏற உரிமம் பெற்ற வழிகாட்டி சட்டப்படி கட்டாயம். ஆனால் "கோட்டோபாக்ஸி ஏற்றம்" என்று விற்கப்படும் பலவும் உச்சிக்குப் போவதே இல்லை. வண்டியில் 4,600 மீட்டர் வரை கொண்டுபோய், அங்கிருந்து 4,864 மீட்டரில் இருக்கும் தங்குகுடிலுக்கு ஒரு மணி நேரம் நடக்க வைப்பார்கள். அதுவும் அழகான இடம்தான், ஆனால் உச்சிக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள். உங்கள் முகவரின் தாளில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மலையிலிருந்து பான்யோஸ் ஊர் வழியாகப் பேருந்தில் தேனாவுக்கு இறங்கினால் காடு வந்துவிடும். காட்டு முகவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. சாலையோரக் கடையில் படம் காட்டி விற்பவருக்கும் காட்டுக்குள் உங்களைக் கூட்டிப் போகிறவருக்கும் பல நேரம் தொடர்பே இருக்காது. கொடுக்கும் பணம் மூன்று கை மாறும், வழிகாட்டிக்குச் சேர்வது கொஞ்சம். குரங்கைத் தோளில் ஏற்றிப் படம் எடுக்கலாம், அனகோண்டாவைக் கழுத்தில் போடலாம் என்று சொல்லும் இடங்களுக்குப் போகவே போகாதீர்கள். அவை காட்டிலிருந்து பிடித்து அடைக்கப்பட்ட விலங்குகள். தேனா பக்கம் கிச்வா பழங்குடி மக்கள் தாங்களே நடத்தும் தங்குமிடங்கள் இருக்கின்றன, அங்கே நேரடியாகப் பேசுங்கள். விடியாத நேரத்தில் எழுப்பி, அடுப்பைச் சுற்றி உட்கார வைத்து, குவாயூசா இலைக் கஷாயத்தைக் குடுவை ஓட்டில் ஊற்றித் தருவார்கள். இரவு கண்ட கனவை ஒவ்வொருவரும் சொல்ல, பெரியவர் பலன் சொல்லுவார். எந்தக் கடையும் இதைப் படம் போட்டு விற்க முடியாது. குயாபெனோ காட்டில் விலங்குகள் அதிகம் தெரியும், ஆனால் கொலம்பிய எல்லைக்குப் பக்கம். முதல் பயணத்துக்கு நான் தேனாவையே சொல்வேன்.

பாதுகாப்பு பற்றி நேராகச் சொல்கிறேன். கும்பல் வன்முறை முற்றி, 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசு உள்நாட்டு ஆயுத மோதல் என்றே அறிவித்தது. கடலோர மாகாணங்களைத் தரைவழியாகச் சுற்ற வேண்டாம். குவாயாகில் உங்களுக்கு விமானம் மாறும் இடம் மட்டும். பேருந்தில் பகலில் மட்டும் போங்கள், பையை மடியில் வையுங்கள். தலைக்கு மேலே வைத்தாலும் காலடியில் வைத்தாலும் போய்விடும். தெருவில் டாக்ஸி நிறுத்தாமல் செயலியில் கூப்பிடுங்கள். அங்கே செலவாவது அமெரிக்க டாலர்தான். 50, 100 டாலர் தாளைச் சின்னக் கடைகள் வாங்காது, சில்லறையாகக் கொண்டுபோங்கள்.

நம் பக்கத்து வேலைகள் இரண்டு. 2019 முதல் இந்தியர்களுக்கு ஈக்வடார் விசா வேண்டும். அதற்கு முன் போய்வந்தவர்கள் "விசாவே வேண்டாம்" என்று எழுதியவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விசா கையில் வரும்வரை திரும்பக் கிடைக்காத எந்த டிக்கெட்டையும் எடுக்காதீர்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா தேவை. இரண்டாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. காட்டுக்காக மட்டும் இல்லை. ஈக்வடாரிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், இங்கேயே தனிமைப்படுத்தி விடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். இவ்வளவு பேர் வெளிநாடு போகும் காலத்தில் இந்த ஊசியைச் சில மையங்களுக்குள் மட்டும் வைத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை. கோவையிலிருந்து ஒரு ஊசிக்காக ரயில் ஏற வேண்டியிருக்கலாம், அதனால் இந்த வாரமே விசாரியுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு விமானம் போடாதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

கடைசியாகக் காலணி. காட்டில் தங்குமிடத்தாரே ரப்பர் பூட்ஸ் தருவார்கள், உங்கள் நடைக் காலணியைச் சேற்றில் இறக்காதீர்கள். கலாபகோஸுக்குப் போகும் பையை விமான நிலையத்தில் தனியாகச் சோதித்து, பிளாஸ்டிக் பட்டி போட்டு முத்திரை வைப்பார்கள். வெளி மண்ணும் விதையும் தீவுக்குள் போகக் கூடாது என்பதில் அவர்கள் மிகக் கண்டிப்பு, அது நியாயமும்கூட. ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் காலணியைத் திருப்பி, அடிப்பள்ளத்தில் காய்ந்திருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தார் அதிகாரி. உள்ளே கடுகு அளவில் ஒரு விதை. ஓரமாகக் கூட்டிப்போய்த் தேய்க்கச் சொல்லிவிட்டார்கள். அவர் வருவதற்குள் வரிசையில் நாங்கள் எல்லோரும் உள்ளே போயிருந்தோம். தேனாவிலிருந்து கிளம்பும் முந்தின நாள் பழைய பல்துலக்கியால் அடிப்பள்ளம் எல்லாம் தேய்த்து, வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். பையின் அடியில் பழமோ, கறிவேப்பிலையோ, முளைக்கக்கூடிய பயறோ தங்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.