ஒரு கூட்டத்தின் கருத்தைத் தீர்மானிப்பது நிபுணரா, பெரும்பான்மையா?

நான் கண்ட வரையில், முதலில் உறுதியாகப் பேசுகிறவர். அவருக்கு அந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நான் மட்டக்களப்பு, படுவான்கரை ஆள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிற குடும்பம். சில வருடங்களுக்கு முன் பெரும்போகத்தில் எங்கள் வயல் கண்டத்தில் அறக்கொட்டியான் தென்பட்டது, நெல்லின் தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி. கமக்காரர் அமைப்பு கூடியது. விவசாயப் போதனாசிரியரும் வந்திருந்தார், இளம் பெண். அவர் வாய் திறக்குமுன் போடியார் ஒருவர், நிறைய வயல் உள்ள பெரிய மனிதர், எழுந்து, “நாளைக்கே மருந்து அடிக்கணும், இல்லாட்டி ஒண்டும் மிஞ்சாது” என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அப்புறம் கூட்டம் முழுக்க அதே பேச்சு. பயிரின் அடித்தண்டில் பூச்சியை எண்ணிப் பாருங்கள், தண்ணீரை வடிய விடுங்கள், யூரியாவைக் குறையுங்கள், கண்ட மருந்தையும் அடித்தால் பூச்சியைத் தின்கிற சிலந்தியும் செத்துப்போகும் என்று போதனாசிரியர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

என்னை இன்றும் உறுத்துவது அப்பாதான். அன்று காலை வயலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, “சிலந்தி நிறைய நிக்குது மகன், மருந்து வேணாம்” என்று சொன்னவர், கூட்டத்தில் மருந்துக்குக் கை உயர்த்தினார். வரும் வழியில் கேட்டேன். “போடியார் சொன்ன பிறகு நான் என்னத்தச் சொல்றது?” பக்கத்து வயல்காரர் மூன்று பேரும் அப்படியே நினைத்து, அப்படியே கை உயர்த்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மருந்து அடித்தோம். மூன்றாம் கிழமை பூச்சி பெருகி வயல் வட்டம் வட்டமாகக் கருகியது.

போடியாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தண்ணீர் விஷயத்திலும் விதைநெல் விஷயத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த மதிப்பைப் பூச்சிக்கும் சேர்த்துக் கொடுத்தது நாங்கள்தான்.

2013 இல் மெஹ்தி மூசாயித் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. ஆட்களின் கருத்தை இழுப்பவை இரண்டு: தன் விடையில் மிக உறுதியாக நிற்கும் ஒருவர், அல்லது ஒரே மாதிரி நினைக்கும் கணிசமான ஒரு கூட்டம். அடுத்தவர் கருத்தைக் கேட்கக் கேட்க ஒருவரின் உறுதிக்கும் அவர் விடை சரியா என்பதற்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. எங்களுக்கு ஐந்தே நிமிடத்தில் இரண்டும் நடந்து முடிந்தன.

இங்கிலாந்தின் பிளைமவுத் கண்காட்சியில் 1906 இல் நடந்தது வேறு. ஒரு மாட்டைக் காட்டி, வெட்டித் துப்புரவாக்கினால் அதன் எடை எவ்வளவு வரும் என்று தனித்தனியே சீட்டில் எழுதச் சொன்னார்கள். 787 சீட்டுகளை பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற விடை 1,207 இறாத்தல். உண்மை எடை 1,198.

இப்போது எங்கள் கூட்டத்திலும் பேச்சுக்கு முன் சீட்டுத்தான். எழுத முடியாதவர் செயலாளர் காதில் சொல்வார். அதன்பின் போதனாசிரியர் பேசுவார், போடியார் கடைசியில். கேட்டதும் அவரே சம்மதித்தார். போன போகம் பூச்சி பற்றி 31 சீட்டு வந்தது. 19 இல் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்றிருந்தது, அப்பாவுடையதும் அதில் ஒன்று. பிறகு மத்தியானம் வரை வாதம் நடந்தது. அப்பாவும் இரண்டு தடவை எழுந்து பேசினார்.