ஷெல்லி 3இஎம்: நொடிக்கணக்கில் தரவு எடுப்பது பற்றி

வீட்டு மின்சாரத்தை அளக்கும் ஷெல்லி 3இஎம் கருவியின் செயலியில் மணிக்கணக்கு வரைபடம்தான் வருகிறது, ராத்திரி எந்தச் சாதனம் கரண்ட் இழுக்கிறது என்று பிடிக்க முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் ஷெல்லி 3இஎம் முதல் தலைமுறைக் கருவி என்பதால் செயலியை நம்பியே இருக்க வேண்டாம். பிரௌசரில் கருவியின் ஐபி முகவரியைப் போட்டு, பின்னால் ஸ்லாஷ் ஸ்டேட்டஸ் (/status) என்று அடித்துப் பாருங்கள், மூன்று பேஸுக்கும் அந்த நொடியின் வாட், வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) எல்லாம் தனித்தனியாக வரும்.

இதைத் தொடர்ந்து சேமிக்க, வீட்டுக் கருவிகளை ஒருங்கிணைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் போதும். ஆனால் ஒன்று, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: அது விரிவான பதிவுகளை இயல்பாக 10 நாள்தான் வைத்திருக்கும், அப்புறம் மிஞ்சுவது மணிக்கணக்குச் சுருக்கம் மட்டுமே, ஆகவே அதன் பதிவுப் பகுதியான ரெக்கார்டரில் நாள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இல்லையென்றால் இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்கு அனுப்புங்கள், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கருவிகள் தரவு அனுப்பப் பயன்படும் எம்கியூடிடி என்ற முறையை ஆன் செய்தால் இந்தக் கருவியில் கிளவுட் இணைப்பு நின்றுவிடும், செயலி வேண்டுமென்றால் எம்கியூடிடியைத் தொடாதீர்கள்.

சரி, முதலில் ராத்திரி எந்த பேஸில் வாட் ஏறுகிறது என்று பாருங்கள். பவர் ஃபேக்டரையும் கவனியுங்கள், 1ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் கீசர் மாதிரி சூடாக்கும் சாதனம், நன்றாகக் குறைந்திருந்தால் மோட்டாரைச் சந்தேகப்படலாம்.