வாசகர் கேள்வி: வாசலில் பெற்ற கையொப்பம்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் தனியே இருக்கும் என் தாயாரிடம், பழைய தொலைபேசி இணைப்பு விரைவில் நின்றுவிடும் என்று கூறி, இரு இளைஞர்கள் கையொப்பமும் அடையாள அட்டைப் பிரதியும் பெற்றுச் சென்றனர். இப்போது இரண்டு வருட இணைய ஒப்பந்தத்துக்கு மாதாந்தக் கட்டணப் பட்டியல் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்நிறுவனத்தின் கிளையில் ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பொய்க் காரணம் சொல்லிப் பெறப்பட்ட கையொப்பம் என்பதால் புதிய இணைய இணைப்பை நீக்குமாறும், ஒப்பந்தம் தாயாருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் அதையும் குறிப்பிட்டும், பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். இணையத்துக்கான ரவுட்டர் கருவியைத் தந்திருந்தால், அதைப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சண்டை பிடிப்பதால் பயனில்லை; அடுத்த முறை வேறொருவர்தான் பேசுவார். கடிதம் எழுதாமல் பணத்தை மட்டும் நிறுத்தினால், அது தாயாரின் பெயரில் நிலுவையாக ஏறும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரை ஏமாற்றும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. அதிகாரசபைக்கான முறைப்பாட்டை, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், நிறுவனத்தின் பதிலுக்காக நாளைக் கடத்தாதீர்கள். அதிகாரசபையிடம் விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் உள்ளது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.