மஞ்சள் குழாய் அடிபட்டது, வாடை இல்லை. மூடிவிடலாமா?

கோலாலம்பூர் செந்தூலில் உங்கள் வீட்டு வாசலில் கால்வாய் வெட்டும்போது மண்வாரியின் பல் மஞ்சள் குழாயை உரசிவிட்டது, "வாடை வரல, மூடிடலாம்" என்கிறார் குத்தகையாளர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூட விடாதீர்கள். மஞ்சள் என்றால் பெரும்பாலும் எரிவாயுக் குழாய். நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல்கூட இன்றைக்குக் கசியாமல், அழுத்தத்தில் மெல்ல வளர்ந்து பல மாதம் கழித்துப் பிளக்கலாம். அப்போது அது மண்ணுக்கடியில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். வாடையையும் நம்ப முடியாது. இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று சேர்க்கும் மெர்காப்டன் என்ற வாடைப் பொருளை மண் உறிஞ்சிவிடுவதும் உண்டு.

கசிவின் அறிகுறியே இல்லையென்றாலும், எச்சரிக்கைப் பலகையிலோ எரிவாயு பில்லிலோ உள்ள அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். பள்ளம் திறந்தே இருக்கட்டும்.

'உஸ்ஸ்' என்ற சத்தமோ வாடையோ வந்தால் கதை வேறு. இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, காற்று வரும் திசை நோக்கி விலகி, அக்கம்பக்கத்தாரையும் கூட்டிப் போங்கள். தூரம் போன பிறகே அவசர எண் 999-ஐ அழையுங்கள். மலாயில் "பாய்ப் காஸ் போச்சோர்" (எரிவாயுக் குழாய் கசிகிறது) என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். ஜாலான் (சாலை) பெயரோடு பக்கத்துக் கோவில், சூராவ் (சிறு தொழுகைக் கூடம்), விளக்குக் கம்ப எண் என்று ஏதாவது அடையாளம் சொல்லுங்கள்; ஒரே பெயரில் ஜாலான் 1, 2, 3 என்று வரிசையாக இருக்கும் ஊர் இது. தோண்டியதில் அடிபட்டது என்பதை மறைக்காதீர்கள். அழைப்பை எடுத்தவர் சொல்லும்வரை போனை வைக்காமல், கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். குழாயை மடக்கி அடைக்கப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.